துடக்கு வீட்டுப் பொங்கல்

ஒரு சிறுநீரகத்தின் விலை முப்பது லட்சம் என்று கொழும்புத் தரகன் சொன்னான். நெல்லு வியாபாரி வீரகத்தியர் எட்டுக்கு முடித்தார். அதிலும் ஆறைத்தான் கையில் கொடுத்தார். மிச்சத்தைத் "தையல் ஆறட்டும், பாப்பம்" என்று நிறுத்தி வைத்தார். நெல்லில் ஈரம் இருக்கும், பதர் இருக்கும். காய வைத்து நிறுக்காமல் முழுக்காசும் கொடுப்பவன் கிளிநொச்சியில் மூன்று போகம் தாங்கமாட்டான் என்பது அவருடைய கட்சி.

விற்றவன் வெளியாள் இல்லை. அவருடைய நெல்லுக் கடையில் வருடக்கணக்காக மூட்டை தூக்கிய கணபதி. தர்மபுரத்தில் குடியிருப்பு. எழுபத்தேழு கலவரத்தில் தாய் அவனைக் கைப்பிள்ளையாகத் தூக்கிக்கொண்டு ஹற்றன் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்தவள். இரத்தம் பொருந்தியது. ஆனால் விலைக்கு வாங்கியது என்று தெரிந்தால் ஆஸ்பத்திரி கத்தியைத் தொடாது. இரத்த உறவு கொடுக்கிறதென்றால் தொடும். அதற்கு வீரகத்தியர் ஒரு கதை செய்தார். அவருடைய தகப்பன் ஒரு காலத்தில் ஹற்றனில் கடை வைத்திருந்தவர், அங்கே ஒரு தொடுப்பு, அதில் பிறந்தவன் கணபதி. கடை மட்டும் உண்மை. மற்றதற்குச் செத்த தகப்பன் எழும்பி வந்து மானநட்ட வழக்குப் போடமாட்டார் என்ற தைரியம்.

விசாரித்த பெரியவர்களுக்கு முன்னால் இரண்டு பேரும் சத்தியம் பண்ணினார்கள். "என்ர தம்பி" என்றார் வீரகத்தியர். "எங்க அண்ணனுங்க" என்றான் கணபதி. பிறகு பரிசோதனை முடிவைப் பார்த்த டொக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "ஒரே தகப்பன் எண்டு நீங்கள் சொல்லத் தேவையில்லை ஐயா. இரத்தமே சொல்லுது. வெளியாளிட்டை இப்பிடிப் பொருத்தம் வராது."

வெளியே வந்து வீரகத்தியர் வயிறு நோகச் சிரித்தார். கணபதி சிரிக்கவில்லை. அன்றிலிருந்து அவன் அவரை முதலாளி என்று கூப்பிடவும் இல்லை. அண்ணே என்றான். அவருக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் வயிற்றுக்குள்ளே அவன் பொருள் இருக்கும்போது வாயை அடக்கச் சொல்ல முடியுமா?

சிறுநீரகத்தை மாற்றிக்கொண்டு மார்கழி மழையோடு வீட்டுக்கு வந்தார். ஒரு அறை, ஒரு கட்டில், டெற்றோல் போட்டுத் துடைத்துத் துடைத்து வழுக்கும் சீமெந்துத் தரை. மூக்கையும் வாயையும் மூடிய துணி. கோயிலுக்குப் போகக்கூடாது, சனத்துக்குள் நிற்கக்கூடாது, பச்சைச் சம்பல் கூடாது, கொதித்தாறாத தண்ணீர் ஒரு சொட்டும் கூடாது. புதுச் சிறுநீரகத்தை உடம்பு பகைக்காமலிருக்க விழுங்கிய குளிசைகள் கையை நடுங்க வைத்தன. முகத்தைப் பூசணிக்காய் போல ஊத வைத்தன. கோபத்தையும் கூட்டும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். "இனிக் கூட்ட இடமில்லை டொக்டர்" என்று கௌசலா அவர் முன்னாலேயே சொன்னாள். முப்பது வருடம் அவரோடு குடும்பம் நடத்தியவளுக்கு அந்தளவு பேச உரிமை இருந்தது.

முதலில் பிழைவிட்டது பால்.

ஒரு விடியற்காலை. கௌசலா காஸ் அடுப்பில் பாலை வைத்துவிட்டு நின்றாள். வீரகத்தியர் அறைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, குசினியில் அடுப்பு சீறுகிற சத்தத்தையும் கூரைத் தகரத்தில் தூவானம் கிறுகிறுப்பதையும் கேட்டபடி தேத்தண்ணிக்குக் காத்திருந்தார். பால் பொங்கும்போது அவள் தீயைத் தணிக்கிற "டக்" என்ற சத்தம் வரவேண்டும். வரவில்லை. நெடுநேரம் வரவில்லை. பிறகு தீய்ந்த வாடை வந்தது. பால் அடிப்பிடித்த வாடை மாதிரியும் இருந்தது, தலைமயிர் பொசுங்கிய வாடை மாதிரியும் இருந்தது.

"என்னடி, நித்திரையோ?"

"நான் பாத்துக்கொண்டுதான் நிண்டனான்" என்றாள் கௌசலா. சட்டியைக் கொண்டுவந்து காட்டினாள். பால் வற்றி அடியில் ஒட்டியிருந்தது. விளிம்பில் ஒரு நுரைக்கோடு கூட இல்லை. "ஆடை கட்டிச்சுது. ஆடைக்குக் கீழை ஏதோ மூச்சு விடுறமாதிரி ஒருக்கா எழும்பிச்சுது. பிறகு அப்பிடியே இறங்கிற்று. பொங்கவேயில்லை."

"தண்ணி கலந்து வித்திருப்பான், களவாணி."

அடுத்த நாள் வேறு பால்காரன். அதுவும் பொங்கவில்லை. பிறகு கேத்தில் தண்ணீர். ஆவி பறந்தது, மூடி சுட்டது, ஆனால் உள்ளே ஒரு குமிழி எழவில்லை. கிணற்றடித் தண்ணீர் மாதிரி அசையாமல் கிடந்தது. பிறகு விறகடுப்பில் சோறு. எவ்வளவு விறகு வைத்தாலும் அரிசி நடுவில் கல்லாகவே நின்றது. வேலிக்கு அப்பால் தில்லைநாதன் வீட்டுக் குசினியில் அதே அரிசி, அதே தண்ணீர், பூவாக மலர்ந்தது. கௌசலா அங்கே சமைத்து மூடிக்கொண்டு வந்தாள். தண்ணீரும் அங்கேதான் கொதித்தது. மழையில் சேற்றை மிதித்துப் போய்வரக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கொண்டுவர முடிந்தது. டொக்டர் குடிக்கச் சொன்னதில் பாதிகூட வயிற்றுக்குள் போகவில்லை. அளவு கோப்பையில் சிறுநீர் குறையத் தொடங்கியது.

வீரகத்தியர் காஸ்காரனை ஏசினார். அடுப்பை ஏசினார். சட்டியைத் தூக்கி முற்றத்தில் எறிந்தார்.

பொங்கலுக்குக் கிட்டவாக ஒரு மத்தியானம் வாசல் படலையடியில் ஒரு பெண் நனைந்தபடி நின்றாள். கணபதியின் பெண்சாதி வீரம்மா. கௌசலா உள்ளே கூப்பிடப் போக, வீரகத்தியர் கையைக் காட்டி மறித்தார். அவர் விறாந்தையில், வாய்த்துணியோடு. அவள் மழையில்.

"ஐயா, அவரு போயிட்டாருங்க."

"எவர்?"

"உங்க தம்பி."

வீரகத்தியருடைய வலப்பக்க அடிவயிற்றில், தையலுக்குக் கீழே கையால் தடவினால் தெரிகிற அந்தப் புடைப்பு, ஒரு பனிக்கட்டியை வைத்ததுபோலக் குளிர்ந்தது.

"காசு பத்தலைன்னு தையல் காயமுந்தியே மூட்டை தூக்கப் போனாருங்க. உள்ள சீழ் புடிச்சிருச்சு."

"எப்ப?" என்று கேட்டது கௌசலா.

"ஏகாதசி அன்னைக்கி. விடியக்காலையில."

கௌசலா திரும்பிப் புருசனைப் பார்த்தாள். அவர் வேறு பக்கம் பார்த்தார். பால் முதன்முதலில் பொங்காமல் விட்டதும் அந்த ஏகாதசி விடியற்காலைதான். விரதத்துக்கு எழும்பியவள் அவள்.

"பொட்டப்புள்ளைங்கதாங்க ரெண்டும். பங்காளின்னு வேற யாருமில்ல. அண்ணன்னு நின்னு கருமாதிக்குத் தண்ணி ஊத்திட்டுப் போங்க. அதுபோதும். எரிச்ச சாம்பல நெத்தலியாத்துல கரைச்சோம். கரைய மாட்டேங்குதுங்க. வெள்ளம் அப்படி ஓடுது, சாம்பல் மட்டும் மாவு மாதிரி மெதந்து எங்க காலடிக்கே திரும்பி வருது. பூசாரி சொல்றாரு, முழுசா வரல, அதான் போக மாட்டேங்குறாருன்னு."

வீரகத்தியர் மடியிலிருந்து காசை எடுத்து நீட்டினார். அவள் பார்க்கவுமில்லை.

"இத வாங்குனா யாவாரமாயிரும். நான் யாவாரத்துக்கு வரல்ல."

"அப்ப என்னத்துக்கு வந்தனீர்?" அவருக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. "அது ஆஸ்பத்திரிக்குச் சொன்ன கதை! எங்கட அப்பருக்குக் கூலிக்காரன் பிள்ளையாப் பிறக்கேல்லை. என்ர வாசல்ல நிண்டு துடக்குக் கொண்டாடாமல் போம்!"

வீரம்மா கும்பிட்டாள். அவருடைய முகத்தை அல்ல, அவருடைய வயிற்றைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"வாறேங்க" என்று வயிற்றிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

அன்றைக்குத் தொடங்கி கௌசலா அவரோடு கதைப்பதைக் குறைத்தாள். பொங்கலுக்கு முதல் நாள் பின்னேரம் வந்து அறை வாசலில் நின்றாள்.

"இஞ்சாருங்கோ. நாளைக்குப் பொங்க வேண்டாம்."

"ஏன்?"

"ஏனெண்டு உங்களுக்குத் தெரியும். பங்காளி செத்தா வீட்டுக்குத் துடக்கு, வருசம் திரும்புமட்டும் பொங்கக்கூடாது. மாமா கடை எண்டு ஹற்றனிலை எத்தினை வருசம் இருந்தவர்? ஒரு தீபாவளிக்கு வந்தவரோ? உங்கட அம்மா சாகுமட்டும் மலைநாட்டுத் தேயிலை வாங்கவிடேல்லை. அதை யோசிச்சுப் பாத்தனீங்களோ?"

"வாயை மூடு."

"டொக்டர் சொன்னவர்தானே இரத்தமே சொல்லுதெண்டு. அடுப்பும் சொல்லுது. நீங்கள்தான் சொல்லமாட்டியள். தம்பி எண்டு ஒரு சொல்லு. அதுக்கு என்ன விலை கேக்கிறியள்?"

அவருக்கு உண்மையில் வலித்தது அங்கேதான். பொங்காமல் விட்டால் ஊர் கேட்கும்: வீரகத்தியர் வீட்டில் யார் செத்தது? பதில் சொன்னால் மூட்டை தூக்கியவன் தம்பியாகிவிடுவான். தகப்பன் மானம் சந்தைக்கு வரும். தம்பிக்குக் கொடுக்காமல் வைத்த இரண்டு லட்சம் அதைவிடப் பெரிய சத்தமாக வரும். பொங்கினால் ஒரு கேள்வியும் இல்லை. ஒரு பானை, கொஞ்ச அரிசி. மலிவு.

"பொங்கிறது" என்றார். "முற்றத்திலை. ஊர் பாக்க."

மழை விட்டது. கௌசலா போனபிறகு வீடு ஒருமாதிரியாக அமைதிப்பட்டது. தவளைகள் இல்லை. கூரையிலிருந்து சொட்டும் தண்ணீர் மட்டும் வாளிக்குள் விழுந்துகொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவே, கடைப் பக்க விறாந்தையில், வேறொன்று கேட்டது. தொம். தோளிலிருந்து நெல்மூட்டையை இறக்கி வைக்கிற சத்தம். அதற்குப் பிறகு ஒரு பெருமூச்சு. பாரம் இறங்கிய மூச்சு. பிறகு வெறுங்கால் ஈரச் சீமெந்தில் ஒட்டி ஒட்டிப் பிரியும் சத்தம். திரும்பவும், தொம்.

கடை பூட்டிக் கிடந்தது. திறப்பு அவருடைய இடுப்பில்.

"ஆரது?"

சத்தம் நின்றது. ஈரச் சாக்கு மணமும், அதற்குள் மண்ணெண்ணெயில் நனைந்த விறகு மணமும் கதவுக்குக் கீழால் மெல்ல வந்து, கட்டிலைச் சுற்றி, அவருடைய வலப்பக்கத்தில் வந்து தங்கின. நாய் வந்து காலடியில் படுப்பதுபோலத் தங்கின. அவர் வயிற்றைப் பொத்திப் பிடித்தார். கைக்குக் கீழே புடைப்பு குளிர்ந்து கிடந்தது. அது அசைந்தது. நித்திரையில் கிடப்பவன், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் தலையைத் திருப்புவானே, அப்படி ஒரு சின்னத் திரும்பல்.

அன்று கோப்பையில் ஒரு துளியும் விழவில்லை.

"விடியப் பொங்கி முடிச்சிட்டு ஆஸ்பத்திரிக்குப் போவம்" என்றார் கௌசலாவிடம். அவளுக்குப் பயம் பிடித்தது. இப்பவே போவம் என்று அழுதாள். அவர் கேட்கவில்லை. பொங்கலன்று வாசல் வெறுமையாகக் கிடந்தால் ஊர் என்ன கதைக்கும்?

விடிய முன்னம் பனி மூட்டத்துக்குள் முற்றத்தைக் கூட்டி, மெழுகி, கோலம் போட்டு, மூன்று கல் வைத்தாள் கௌசலா. ஒரு சொல் பேசவில்லை. புதுப்பானை, மஞ்சள் இலை, இஞ்சி இலை. சுளகில் பச்சரிசி. வீரகத்தியர் வாய்த்துணியைக் கழற்றி எறிந்துவிட்டுத் தானே தீ மூட்டினார். கால்கள் தூண் மாதிரி வீங்கியிருந்தன. பாலை வார்த்தார்.

தூரத்தில் எங்கோ முதல் வெடி கேட்டது. ஒரு வீட்டில் பொங்கிவிட்டது. பிறகு றோட்டுக்கு அந்தப்பக்கம். பிறகு வாய்க்கால் கரையில். வெடிச்சத்தம் வீடு வீடாக நடந்து கிட்ட வந்தது. கடைசியில் பக்கத்து வீட்டிலும் படபடவென்று வெடித்தது. பிள்ளைகள் "பொங்கலோ பொங்கல்" என்று கத்தினார்கள். வேலிக்கு மேலால் தில்லைநாதனின் தலை தெரிந்தது.

"என்ன வீரகத்தி அண்ணை, இன்னும் பொங்கேல்லையோ? பானைக்கும் விலை பேசிக்கொண்டு நிக்கிறியளோ?"

"பொங்குது, பொங்குது. நீ உன்ர அடுப்பைப் பார்!"

தலை மறைந்தது. தீ பானையின் கழுத்தை நக்கியது. பானை கரியாகியது. உள்ளே பால் அசையவில்லை. வெள்ளையாக, தட்டையாக, கண் மூடிய முகம்போல. அவர் விறகைத் திணித்தார். தென்னம்பாளையைத் திணித்தார். போத்தலோடு மண்ணெண்ணெயை ஊற்றினார். நெருப்பு ஆளுயரத்துக்கு எழும்பியது. பால் அசையவில்லை.

கிழக்கில் சிவப்பு. சூரியன் வரப்போகிறது. ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

"வெடியைக் கொளுத்து" என்றார்.

"பொங்கேல்லையே."

"அது எனக்கும் உனக்கும்தானே தெரியும்! சத்தம் கேட்டாச் சரி. கொளுத்தடி!"

கௌசலா அவரை நெடுநேரம் பார்த்தாள். அவ்வளவு வெறுப்பை அவர் அவளுடைய கண்ணில் முன்பு கண்டதில்லை. வெடிக்கட்டைக் கொளுத்தி எறிந்தாள்.

வெடித்தது. "பொங்கலோ பொங்கல்!" என்று வீரகத்தியர் தனியாகக் கத்தினார்.

கடைசி வெடி ஓய்ந்தபோது எல்லாம் ஓய்ந்தது. பிள்ளைகளின் சத்தம். காகம். நெருப்பு எரிந்தது, அதற்கும் சத்தம் இல்லை.

படலை திறந்தது.

ஒருவரும் திறக்கவில்லை. திறந்தது. மெழுகிய முற்றத்தில் ஈரக் கால்தடம் ஒன்று விழுந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. பிறகு நிறைய. சின்னத் தடங்கள், பெண்களின் தடங்கள், வரிசையாக, அவசரமில்லாமல், கோலத்தை மிதித்து அழித்துக்கொண்டு. அழைத்து வரச் சொன்ன வீட்டுக்கு வருவதுபோல.

அவருடைய கால்கள் மடங்கின. முதுகு தரையில் பட்டது. மெழுகிய சாணம் குளிர்ந்தது. எழும்பப் பார்த்தார். கை எழும்பவில்லை. கழுத்து திரும்பவில்லை. தலை தெற்கே கிடக்கிறது என்பது மட்டும் தெரிந்தது.

"கௌசலா."

அவள் வந்தாள். கண்ணில் வெறுப்பு இல்லை இப்போது. ஒன்றுமில்லை. கூந்தல் அவிழ்ந்து கிடந்தது. அவள் எப்போது அவிழ்த்தாள்? சுளகிலிருந்து ஒரு பிடி பச்சரிசி அள்ளியிருந்தாள். குனிந்தாள். கையைப் புறமாகத் திருப்பிப் பிடித்தாள்.

அந்தப் பிடி அவருக்குத் தெரியும். ஊரில் எத்தனை செத்தவீட்டில் கண்டிருக்கிறார். வாய்க்கரிசி.

"நான்... கௌசலா, நானடி. நான் சாகேல்லை."

அரிசி விழுந்தது. பல்லில் பட்டது. நாக்கில் ஒட்டியது. அவள் விலகினாள். அவளுக்குப் பின்னால் அடுத்தவள் நின்றாள். முகம் இல்லை. நனைந்த சேலையும் ஒரு கையும். அந்தக் கையிலும் அரிசி. அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. படலை வரைக்கும். றோட்டு வரைக்கும்.

ஒரு பிடி. இன்னொரு பிடி.

இப்போது சொல்லவேண்டும். அந்த ஒரு சொல்லை. எந்த விலைக்கும். வாயைத் திறந்தார். தம்பி என்று சொல்ல நாக்கை மேலே தூக்கினார். இடமில்லை. அரிசி. தொண்டை மட்டும் அரிசி.

சூரியன் வேலிக்கு மேல் வந்தது. மூன்று கல்லுக்கும் நடுவில் எரிந்த நெருப்பு, காற்றில்லாமல், அவர் கிடந்த பக்கமாக மெதுவாகச் சரிந்தது.

வலப்பக்கத்தில், காதுக்குக் கிட்ட, யாரோ பாரத்தை இறக்கி வைத்தார்கள். தொம். ஒரு பெருமூச்சு. பிறகு, லொறியிலிருந்து மூட்டை இறக்கி முடித்தபின் முதலாளிக்கு ஒப்புவிக்கிற அந்தப் பழைய, மரியாதையான குரல்.

"என்னோட கண்ணு ரெண்டு, வெந்துருச்சு. கையி ரெண்டு, வெந்துருச்சு. காலு ரெண்டு. ஈரலு ஒன்னு. நெஞ்சு ஒன்னு, கடைசியாத்தான் வெந்துச்சு. எல்லாம் சரியா இருக்கு. கிட்னி ரெண்டுல ஒன்னு வெந்துருச்சு. ஒன்னு பாக்கிங்க, அண்ணே."